துரிசுத் தண்ணீரும் வெட்டுகத்தியும்

இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடிப்பதற்கு முன்பாக ரப்பருக்கு மருந்தடித்து முடித்துவிட வேண்டும் என்பது குமரி மாவட்டத்தின் குலசேகரம், களியல், அருமனைப் பக்கத்தில் எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாங்கள் துரிசு என்று சொல்லும் மயில்துத்தத்தை, அதாவது காப்பர் சல்பேட்டை, ஒரு பிளாஸ்டிக் பேரலிலும், நீற்றிய சுண்ணாம்பை இன்னொரு பேரலிலும் கரைத்து, துரிசுத் தண்ணீரைச் சுண்ணாம்புப் பாலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குவார்கள். நூறு லிட்டர் தண்ணீருக்கு இரண்டும் ஒவ்வொரு கிலோ. வேளாண்மைப் புத்தகங்களில் இதற்குப் போர்டோ கலவை என்று பெயர். பிரான்சில் சாலையோரத் திராட்சைக் கொடிகளில், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமலிருப்பதற்காகப் பூசியிருந்த நீலப் பூச்சைக் கண்டு, அந்தக் கொடிகளில் மட்டும் நோய் இல்லாததையும் கவனித்து, மில்லார்தே என்ற தாவரவியலாளர் 1885இல் வெளியிட்ட கலவை அது. எங்கள் மாமாவின் தோட்டத்தில் மருந்து கலக்கும் பெரியவருக்கு மில்லார்தேயைத் தெரியாது. கலக்கி முடித்ததும் வெட்டுகத்தியை எடுத்து, அலகைக் கலவைக்குள் ஒரு நிமிடம் போல முக்கிப் பிடித்து, வெளியே எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்ப்பார். சுண்ணாம்பு குறைவாக இருந்தால் தீட்டிய விளிம்பில்தான் முதலில் செம்மை ஓடும். அங்கிருந்து அது அலகின் வயிற்றுப் பக்கம் திட்டுத்திட்டாகப் பரவும். பெருவிரலால் அழுத்தித் தேய்த்தால் கொஞ்சம் உதிரும், கொஞ்சம் பளபளத்துக்கொண்டு ஒட்டியே இருக்கும். “சுண்ணாம்பு காணாது மக்களே, இன்னும் கொஞ்சம் விடணும்” என்பார். மறுபடி சுண்ணாம்பு, மறுபடி கத்தி. அலகு போன நிறத்திலேயே திரும்பி வந்த பிறகுதான் பம்பு ஓடத் தொடங்கும். செம்பு பிடிக்கிற கலவை இலையைக் கருக்கிவிடும் என்பது அவருடைய அறிவு. அந்த வேலைக்கு அது போதும்.

எனக்குப் போதவில்லை. மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன் என்பது ஒரு காரணம். இதே கத்திச் சோதனையை ஆக்ஸிஜனேற்ற ஒடுக்க வினைகளுக்கு எடுத்துக்காட்டாக வகுப்பில் சொன்னபோது, வீட்டில் ரப்பர் உள்ள ஒரு மாணவன் எழுந்து கேட்ட கேள்வி இன்னொரு காரணம். “கத்தியில செம்பு பிடிச்சா இரும்புலேருந்து எலக்ட்ரான் கைமாறுதுன்னு சொன்னீங்க. சரி சார். சுண்ணாம்பு போட்டா ஏன் கைமாற மாட்டேங்குது? எலக்ட்ரானுக்கு மனசு மாறிப்போச்சா?” வகுப்பு சிரித்தது. செம்பு அயனிகள் சுண்ணாம்போடு சேர்ந்து வீழ்படிவாகிவிடுகின்றன, கரைசலில் அவை இல்லாததால் வினை நடக்கவில்லை என்ற வழக்கமான விடையைச் சொன்னேன். தேர்வில் அந்த விடைக்கு முழு மதிப்பெண் உண்டு. அதில் பொய்யும் இல்லை. ஆனால் அவன் கேட்டது எங்கே போயிற்று என்பதையல்ல, ஏன் விரும்பவில்லை என்பதை. அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

நம் பாடத்திட்டம் இந்த வினைகளைப் பெரும்பாலும் எலக்ட்ரான் கணக்காகவே நடத்துகிறது. இரும்பு இரண்டு எலக்ட்ரான்களை இழக்கிறது, ஆகவே அது ஆக்ஸிஜனேற்றம் அடைகிறது. செம்பு அயனி அந்த இரண்டையும் பெறுகிறது, ஆகவே அது ஒடுக்கம் அடைகிறது. இழந்ததும் பெற்றதும் சமமாக இருக்க வேண்டும். ஆக்ஸிஜனேற்ற எண்ணைக் கண்டுபிடி, சமன்பாட்டைச் சமன் செய், அடுத்த கணக்குக்குப் போ. பதினொன்றாம் வகுப்பில் இது ஓரிடத்தில் வருகிறது, வெப்ப இயக்கவியல் அதே வகுப்பில் வேறோரிடத்தில் வருகிறது, மின்வேதியியல் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போய்விடுகிறது. மூன்றும் ஒரே நிகழ்ச்சியின் மூன்று பக்கங்கள் என்று உணர்வதற்குள் மாணவன் நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்குப் போய்விடுகிறான். கணக்கு தவறாமல் போடுகிற பிள்ளைகளிடம், எலக்ட்ரான் ஏன் இரும்பிலிருந்து செம்புக்குப் போகிறது, செம்பிலிருந்து இரும்புக்கு ஏன் வரவில்லை என்று கேட்டுப் பாருங்கள். “இரும்பு வினைதிறன் கூடினது சார்” என்பார்கள். கேள்வியையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்கிறார்கள் என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை.

போகிற காரணம் இறக்கம்தான். இரும்பிடம் இருக்கும்போது அந்த எலக்ட்ரான்களுக்கும் சுற்றியுள்ள அயனிகளுக்கும் சேர்த்து ஒரு கட்டிலா ஆற்றல், அதாவது வேலையாக எடுக்கக் கூடிய ஆற்றல், இருக்கிறது. செம்பிடம் போய்ச் சேர்ந்த பிறகு அது குறைந்துவிடுகிறது. அந்தக் குறைவை எலக்ட்ரான் ஒன்றுக்கு இவ்வளவு என்று அளந்து சொல்வதே வோல்ட். திட்ட மின்முனை அழுத்த அட்டவணையில் செம்புக்கு +0.34, இரும்புக்கு -0.44, இடைவெளி 0.78 வோல்ட். ஒரு மோல் எலக்ட்ரானின் மின்னூட்டம் 96,485 கூலும். கைமாறுவது இரண்டு மோல். பெருக்கிப் பார்த்தால் ஒரு மோல் இரும்புக்குச் சுமார் 150 கிலோஜூல் கட்டிலா ஆற்றல் குறைகிறது. வெப்பமாக அளந்தால் சுமார் 154 கிலோஜூல். அட்டவணையில் உள்ள எண்கள் எல்லாம் உயர வேறுபாடுகள் என்று முதல் நாளே சொல்லிவிட்டால், வினைதிறன் வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியம் பாதி குறைந்துவிடும் என்று நான் நினைக்கிறேன்.

அப்படியானால் கத்தி ஏன் சுடவில்லை என்று அதே பையன் அடுத்த நாள் கேட்டான். நல்ல கேள்விதான். அலகில் ஒரு மில்லிகிராம் செம்பு படிந்தால் வெளிவருவது ஏறத்தாழ இரண்டரை ஜூல். பேரலில் உள்ள நூறு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கவே 4 லட்சம் ஜூலுக்கு மேல் வேண்டும். பெரியவரின் விரலுக்கு அது எட்டாது. ஆனால் எட்டும்படி செய்து காட்டலாம். காப்பர் சல்பேட் கரைசலை 0.2 மோலார் செறிவில் 50 மில்லிலிட்டர் எடுத்து, தெர்மாகோல் கோப்பையில் ஊற்றி, துத்தநாகத் தூளை வேண்டிய அளவுக்கு மேலேயே போட்டுக் கலக்கினால், வெப்பமானி சில நிமிடங்களில் பத்து டிகிரிக்குக் கிட்டத்தட்ட ஏறும். நீலம் வெளுத்து, சாம்பல் நிறமாகி, கடைசியில் நிறமில்லாத வெறும் தண்ணீர் போலத் தெளியும். அடியில் தங்குவது நாம் எதிர்பார்க்கிற பளபளப்பான செம்பு அன்று. கறுப்பும் பழுப்பும் கலந்த ஒரு சகதி. அதை வடிகட்டிக் கழுவி, காகிதத்தில் வைத்து ஒரு கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்க்கும்போதுதான் செம்மை தெரியத் தொடங்குகிறது. முன்பெஞ்சுப் பிள்ளைகள் அந்த இடத்தில் தான் வாயைப் பிளக்கிறார்கள், வெப்பமானியைப் பார்த்து அல்ல.

இரண்டாகப் பிரித்தால்

இந்த வினைகளுக்கு மட்டும் உள்ள ஒரு வசதி உண்டு. அதைப் பாடப்புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவது எனக்கு எப்போதும் வருத்தம். துத்தநாகமும் செம்பு அயனியும் ஒன்றையொன்று தொட வேண்டியதே இல்லை. எலக்ட்ரானை இழக்கிற வேலையை ஒரு பாத்திரத்திலும், பெறுகிற வேலையை இன்னொரு பாத்திரத்திலும் நடத்தலாம். நடுவில் ஒரு கம்பியும், அயனிகள் கடந்து போக ஓர் ஈரமான வழியும் இருந்தால் போதும். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் இருந்த டேனியல் 1836இல் செய்தது இதைத்தான். இரண்டு கரைசல்களும் கலந்துவிடாமல், ஆனால் அயனிகள் மட்டும் போய்வர, முதலில் அவர் மாட்டின் உணவுக்குழாய்ச் சவ்வைப் பயன்படுத்தினார். பிற்பாடு அந்த இடத்துக்கு மெருகிடாத மண் குவளை வந்தது. நம் ஊரில் மெருகிடாத மண் கலயத்துக்குப் பஞ்சமில்லை. கலயத்துக்குள் துத்தநாக சல்பேட்டும் துத்தநாகத் தகடும், வெளியே பிளாஸ்டிக் டப்பாவில் துரிசுத் தண்ணீரும் செம்புத் தகடும். கலயத்தின் சுவர் நனைந்து ஊறுவதற்குச் சிறிது நேரம் பிடிக்கும், அதுவரை மல்டிமீட்டர் எண் தடுமாறும், பிறகு 1.1 வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும். ஒன்றை வைத்துச் சிவப்பு எல்.இ.டி. எரியாது; இரண்டைத் தொடராக இணைத்தால் மங்கலாக எரியும்.

கோப்பையில் நடந்த அதே வினைதான் இங்கும் நடக்கிறது. அதே துத்தநாகம் கரைகிறது, அதே செம்பு படிகிறது, எலக்ட்ரான் கணக்கில் ஒரு புள்ளி கூட மாறவில்லை. அங்கே கிடைத்தது வெந்நீர். இங்கே கிடைப்பது வெளிச்சம். திற்பரப்பில் அருவியாக விழுகிற கோதையாற்றுத் தண்ணீர் இரைச்சலையும் சாரலையும் தவிர வேறெதையும் தருவதில்லை. அதே ஆற்றை மேல்மலையில் குழாய்க்குள் விட்டு இறக்கினால் மின்சாரம் தருகிறது. கம்பி என்பது அந்தக் குழாய். கணக்காகச் சொன்னால், ஒரு மோல் துத்தநாகத்துக்குக் கோப்பையில் வெளிவந்த வெப்பம் சுமார் 219 கிலோஜூல். அதே ஒரு மோலைக் கலத்தில் மிகமிக நிதானமாக நடத்தினால் வேலையாக எடுக்கக் கூடியது அதிகபட்சம் 212 கிலோஜூல். மீதி ஆறேழு கிலோஜூலை எவ்வளவு சாமர்த்தியமான பொறியாளராலும் வேலையாக மாற்ற முடியாது. அது வெப்பமாகத்தான் போகும். வெப்பமாக அளக்கிற என்தால்பிக்கும், வேலையாக எடுக்கக் கூடிய கட்டிலா ஆற்றலுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடக் கையில் பிடித்துக் காட்டுகிற எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து பள்ளிப் பாடத்தில் இல்லை.

இங்கே ஓர் ஏமாற்று நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கலயத்துக்குள் வெப்பமானியை வைத்து, “பாருங்கள், சூடு ஏறவே இல்லை, எல்லாம் மின்சாரமாகிவிட்டது” என்று சொல்லிவிடலாம், பிள்ளைகளும் நம்புவார்கள். ஆனால் 10 மில்லியாம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் ஓடினால் கரைகிற துத்தநாகம் வெறும் 12 மில்லிகிராம். அதன் ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறினாலும் சுமார் 40 ஜூல்தான். கால் லிட்டர் தண்ணீரில் அது ஒரு டிகிரியின் இருபதில் ஒரு பங்கைக் கூட எட்டாது. வெப்பமானி அசையாததற்குக் காரணம் வேலையின் பெருமை அல்ல, வினையின் மெதுவே. ஒரு மோலுக்கு ஒரு மோல் என்று வைத்து ஒப்பிட்டால்தான் நியாயம். சோதனை காட்டுவதாக நாம் சொல்வதைச் சோதனை உண்மையிலேயே காட்டுகிறதா என்று பார்ப்பதும் வேதியியல்தான்.

வழி அடைபட்ட இறக்கம்

இனி பையனின் முதல் கேள்விக்கு வருகிறேன். சுண்ணாம்பு சேர்ந்த பிறகு எலக்ட்ரான் ஏன் கைமாறவில்லை? வழக்கமான விடையைச் சற்று நீட்டி, செம்பு அயனியின் செறிவு குறைந்தால், செறிவையும் மின்முனை அழுத்தத்தையும் இணைக்கும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டின்படி இறக்கம் குறைகிறது, குறைந்து குறைந்து இல்லாமலே போகிறது, ஆகவே வினை நிற்கிறது என்று சொல்லலாம். கேட்பதற்கு நிறைவாக இருக்கிறது. பத்து மடங்கு செறிவு குறைந்தால் 0.03 வோல்ட் குறையும் என்பதும் சரியே. ஒரு மாலை இதை எண்ணாகப் போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். சுண்ணாம்புக் காரத்தில் செம்பு இருப்பது செம்பு ஹைட்ராக்சைடாக. அதிலிருந்து செம்பாக ஒடுங்கும் திட்ட அழுத்தம் -0.22 வோல்ட். ஆம், +0.34இலிருந்து நன்றாகவே கீழே வந்துவிட்டது. ஆனால் அதே காரத்தில் இரும்பும் சும்மா இருப்பதில்லை. அது இரும்பு அயனியாகக் கரைவதற்குப் பதிலாக இரும்பு ஹைட்ராக்சைடாக மாறும். அதற்கான அழுத்தம் -0.88. இரண்டுக்கும் நடுவே 0.66 வோல்ட். அதாவது சுண்ணாம்பு போடுவதற்கு முன் இருந்த 0.78 வோல்ட் இறக்கம், சுண்ணாம்பு போட்ட பின்னும் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது.

இந்த எண்தான் என்னைப் பல நாள் விடாமல் பிடித்துக்கொண்டது. எலக்ட்ரானுக்கு மனது மாறவே இல்லை. போவதற்கு இன்னும் விருப்பம்தான், இறக்கம் இன்னும் இருக்கிறது, ஆனாலும் போகவில்லை. அப்படியானால் தடுப்பது ஆற்றல் அன்று; வழி. ஒரு பக்கம் செம்பு நீல வீழ்படிவுக்குள் அடைபட்டுக் கிடப்பதால் அலகை வந்து சேர்கிற அயனிகள் அனேகமாக இல்லை. மறு பக்கம், சுண்ணாம்புத் தண்ணீரின் காரத்தில் இரும்பு தன் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஓர் ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலம் இரும்பு கரைவதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. வெறும் துரிசுத் தண்ணீர் சற்றுப் புளிப்பானது. அதில் படலம் தங்காது. தீட்டிய விளிம்பில் முதலில் செம்மை ஓடுவதற்கும் அங்கே இரும்பு புதிதாக வெளிப்பட்டிருப்பதே காரணமாக இருக்க வேண்டும். ஆக, எலக்ட்ரான் எத்தனை என்பதையும் இறக்கம் எவ்வளவு என்பதையும் தாண்டி, இறங்க வழி திறந்திருக்கிறதா என்ற கேள்வி தனியே நிற்கிறது. எலக்ட்ரான் எத்தனை என்ற முதல் கேள்விக்கு நாங்கள் ஒரு பருவம் முழுவதும் செலவிடுகிறோம். வழியைப் பற்றிய இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்பதே இல்லை.

இதை வகுப்பில் காட்ட ரப்பர்க்காரன் வீட்டுப் பொருள்களே போதும். ரப்பர் பாலை உறைய வைக்கும் தட்டு அலுமினியம். அந்த உலோகத்தின் அழுத்தம் -1.66 வோல்ட்; செம்போடு வைத்துப் பார்த்தால் இறக்கம் சரியாக 2 வோல்ட், இரும்புக்கும் செம்புக்கும் உள்ளதைப் போல இரண்டரை மடங்கு. அட்டவணையை மட்டும் நம்பினால் அலுமினியத் தாளைத் துரிசுத் தண்ணீரில் போட்டவுடனே கொதித்தெழ வேண்டும். உணவு பொதிகிற அலுமினியத் தாளைச் சின்னச் சதுரமாக வெட்டிப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. தாள் வெள்ளியாகவே மிதந்தது. பிள்ளைகள் கொட்டாவி விடும் வரை காத்திருந்துவிட்டு, ஒரு சிட்டிகை சமையல் உப்பைத் தூவிக் கலக்கினேன். சற்று நேரத்தில் தாளின் ஓரத்தில் கரும்பழுப்புப் புள்ளிகள் தோன்றின, புள்ளிகள் ஒன்று சேர்ந்தன, குமிழிகள் நுரைத்தன, கண்ணாடிக் குவளை கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சூடேறியது, தாள் ஓட்டை ஓட்டையாகி, செந்நிறத் துகள்களாக உதிர்ந்து அடியில் படிந்தது. உப்பு எலக்ட்ரானைத் தரவும் இல்லை, வாங்கவும் இல்லை. சமன்பாட்டில் அதற்கு இடமே இல்லை. அலுமினியத்தின் மேலிருந்த ஆக்சைடு படலத்தைக் குளோரைடு அயனிகள் குத்தித் திறந்தன, அவ்வளவுதான். இறக்கம் முதலிலிருந்தே 2 வோல்ட்தான், உப்புக்கு முன்னும் பின்னும்.

இதைப் பார்த்த பிறகு குளச்சல் கரையோரம் காங்கிரீட் வீடுகளின் மச்சு பிளந்து கம்பி வெளியே தெரிவதைக் காணும்போது எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. காங்கிரீட்டுக்குள் இருக்கும் ஈரம் சுண்ணாம்புத் தண்ணீரைப் போலவே கடுங்காரம். அதன் pH அளவு 12க்கு மேல். அதற்குள் கிடக்கும் கம்பிக்கு அதே மெல்லிய படலம் காவல். ஆக்ஸிஜன் வந்து சேர்கிறது, ஈரம் இருக்கிறது, இறக்கம் இருக்கிறது, ஆனாலும் கம்பி பல ஆண்டுகள் துருப்பிடிக்காமல் கிடக்கிறது. கடற்காற்றின் உப்போ, கழுவாத கடல் மணலின் உப்போ உள்ளே போய்க் கம்பியைத் தொடும் இடத்தில் படலம் திறக்கிறது. அந்த இடம் எலக்ட்ரானை இழக்கத் தொடங்குகிறது. அதே கம்பியில் சற்றுத் தள்ளி இன்னோரிடத்தில் ஆக்ஸிஜன் அந்த எலக்ட்ரானைப் பெறுகிறது. நடுவிலுள்ள கம்பியே கடத்தி, ஈரக் காங்கிரீட்டே உப்புப்பாலம், அதாவது அயனிகள் கடந்து போகிற ஈரமான வழி. டேனியல் கலயத்தில் செய்ததை யாரும் கேட்காமலே மச்சு செய்துகொண்டிருக்கிறது. வேலை வாங்க மட்டும் ஆள் இல்லை. ஆற்றல் முழுவதும் ஆண்டுக்கணக்கில் கண்டறிய முடியாத வெப்பமாகப் போய்விட, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கிற துரு உள்ளிருந்து தள்ளிக் காரையைப் பெயர்த்துவிடுகிறது. “சிமெண்டு மோசம்” என்று மேஸ்திரியைத் திட்டுகிறவர்களிடம், மணலைக் கழுவினாரா என்று முதலில் கேட்கச் சொல்வேன்.

ஏற்றுவதற்கு ஆகும் செலவு

இறங்குவதைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏற்றியது யார் என்பதையும் சொல்ல வேண்டும். மண்ணில் அலுமினியம் உலோகமாகக் கிடைப்பதில்லை, ஆக்சைடாகத்தான் கிடைக்கிறது. அதற்கு எலக்ட்ரானைத் திரும்பக் கொடுத்து உலோகமாக்குவது என்றால் மேட்டில் ஏற்றுவது. ஹாலும் ஏருவும் 1886இல் தனித்தனியே கண்டுபிடித்த மின்னாற்பகுப்பு முறைதான் இன்றும் அதற்கு வழி. எங்கள் மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது என்பதால், அந்தச் சமஸ்தானத்தின் கதையை எங்கள் கதையாகவே சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940இல் ஓடத் தொடங்கியது. ஆலுவாய்க்கு அருகே ஆலுபுரத்தில் அலுமினிய ஆலை 1943இல் உலோகம் உருக்கியது. மூன்றே ஆண்டு இடைவெளி. அலுமினியம் உருக்கும் ஆலையை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பது பெரும்பாலும் தாது அன்று, மலிவான மின்சாரம். ஒரு கிலோ அலுமினியத்துக்கு இன்றைய ஆலைகளில் 13 முதல் 15 யூனிட் வரை செலவாகிறது. அணு ஒன்றுக்கு மூன்று எலக்ட்ரான், ஒவ்வொன்றையும் நான்கு வோல்ட்டுக்குச் சற்று மேலான அழுத்தத்தில் தள்ளிவிட வேண்டும் என்ற கணக்கிலேயே அந்த எண் ஏறக்குறைய வந்துவிடும். நான் உப்புத் தூவிக் கரைத்த அந்தச் சதுரத் தாளில் இருந்து வெளிவந்த சூடு, எங்கோ ஒரு மலையிலோ நிலக்கரி உலையிலோ முன்பே செலுத்திய கட்டணம்தான்.

செம்பைப் பற்றி ஒன்று சொல்லாமல் முடிக்க முடியாது, ஏனென்றால் ரப்பர்க்காரர்களுக்கு அது இரண்டு முகம் காட்டுகிறது. இலையில் பூஞ்சையைத் தடுக்கிற அதே செம்பு, பாலில் விழுந்தால் ரப்பரைக் கெடுத்துவிடும். ரப்பரும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் அருகருகே இருந்தாலே இறக்கம் இருக்கிறது. ரப்பர் ஷீட்டை உலர்த்தும் புகைப்புரையில் என்றாவது தீப்பிடித்தால் அது எவ்வளவு பெரியது என்று தெரியும். சாதாரண நாள்களில் வழி அடைபட்டிருப்பதால் ஷீட்டு மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கிறது. செம்பு அயனி ஓர் எலக்ட்ரானைப் பெறுவதும் விடுவதுமாக இரண்டு நிலைகளுக்கு நடுவே மாறி மாறி நின்று, அந்த வழியைத் திறந்துவிடுகிறது. அது செலவாவதில்லை; ஆகவே மிகக் கொஞ்சம் இருந்தாலே போதும், ரப்பர் பிசுபிசுத்துப் போகும். கெட்டியாக்கிய ரப்பர் பாலுக்கான சர்வதேசத் தர அளவுகள், அதிலுள்ள திடப்பொருளில் கிலோவுக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் செம்பு இருக்கக் கூடாது என்கின்றன. மருந்தடிக்கிற நாளில் மாமா பால் வடிக்கும் சிரட்டைகளை எல்லாம் கவிழ்த்து வைக்கச் சொல்வதும், துரிசு கலக்கிய பேரலைப் பால் பக்கமே கொண்டுவர விடாததும் இதனால்தான். “பாலு கெட்டுப்போவும்” என்ற ஒரே வரியில் அவர் அதைச் சொல்லிவிடுவார்.

இத்தனையையும் சக ஆசிரியர் ஒருவரிடம் சொல்லி, முதல் பாடத்திலேயே மின்முனை அழுத்த அட்டவணையையும் அலுமினியத் தாள் சோதனையையும் வைத்துவிடப் போகிறேன் என்றேன். “சாரே, போர்ஷன் முடியாது” என்றார். அவர் சொன்னது சரி. பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வில் வருவது சமன்படுத்தும் கணக்கு. இறக்கம் இருந்தும் ஏன் இறங்கவில்லை என்று எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. கேட்டாலும், வழக்கமான விடையை எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். இருந்தாலும் இந்த ஆண்டு வகுப்பில் போடுகிற சமன்பாடுகளில் சிலவற்றைக் குறைத்து, அந்த நேரத்தில் மண் கலயத்தையும் உப்பையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். குறைத்ததை விட்டுவிடத் தைரியம் வரவில்லை, வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிட்டேன்.